எட்டாக ஓடிய ஒன்று

டாலிகஞ்ச், கொல்கத்தா
9 ஜூலை 2023

அன்புள்ள சத்யா,

இங்கே மழை, கொசு, நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நெதர்லாந்தில், அந்த ஐந்தோவனில், நீயும் உன் சைக்கிளும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் பேசினால் பாதி வங்காளமும் பாதி ஆங்கிலமுமாகப் போய்விடுகிறது, மெயிலில் போடும் கடிதமாவது தமிழில் எழுதிக்கொள்வோம் என்று நீதான் ஏர்போர்ட்டில் என்னிடம் சத்தியம் வாங்கினாய். காப்பாற்றுவது நான் மட்டும். துர்காபூரில் வளர்ந்தவள், எழுத்துப் பிழை வரும் என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. எனக்கு மட்டும் கொல்கத்தாவில் யார் தமிழ் வாத்தியார் வைத்தார்கள்?

உங்கப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். மாமா நன்றாக இருக்கிறார். உருக்காலையில் எலக்ட்ரீஷியனாகவே காலம் கழித்தவரை டாலிகஞ்சில் சும்மா உட்கார வைக்க முடியுமா? கட்டடத்தில் யார் வீட்டு மின்விசிறி முனகினாலும் இவர்தான் ஸ்டூலில் ஏறுகிறார். இந்த வருஷம் பூஜைக் கமிட்டியில் லைட் பொறுப்பு வேறு. கீழ்வீட்டு மொண்டல்தாவும் இவரும் இப்போதே பந்தல் வாசலில் என்ன வெளிச்சம் வைப்பது என்று சண்டை போடுகிறார்கள். படி ஏறும்போது மட்டும் நடுவில் நின்று நின்று ஏறுகிறார். கேட்டால், மொண்டல்தாவோடு பேசுவதற்காக நின்றேன் என்கிறார்.

இனி ஆபீஸ். உன் உதவி வேண்டும். கொரோனா வருஷத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை தேடித் தர நாம் ஜாவாவில் எழுதிய ஷொஜ்ஜா ஆப்பை முழுதாகப் பைத்தான் மொழிக்கு மாற்றச் சொல்லிவிட்டார் மேனேஜர் ஸ்ரீநிவாஸ். படுக்கை என்று ஒரு வங்காளப் பெயரை வைத்துவிட்டுப் போனவள் நீ, தூக்கிச் சுமப்பவள் நான். ஐந்து நர்சிங் ஹோம் என்று ஆரம்பித்தது இப்போது நகரம் முழுவதும் போகப்போகிறதாம். ஜாவா தெரிந்த ஆட்கள் கிடைப்பதில்லையாம்.

மற்றதெல்லாம் மாற்றிவிட்டேன். 'ஒதுக்குபவர்' என்று நீ எழுதிய பகுதியில்தான் நிற்கிறேன். எந்த ஐ.சி.யூ. படுக்கை காலி, யாருக்குக் கொடுத்தாயிற்று என்பதைத் தன் நினைவில் வைத்திருப்பது அது. இரண்டு ஒதுக்குபவர் இருந்தால் ஒரே படுக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும் என்று, ஒன்றுக்கு மேல் யாராலும் உண்டாக்க முடியாதபடி ஜாவாவில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாய். கட்டுமானத்தையே வெளியார் தொடக் கூடாது என்று மறைத்து, ஒரே வாசல் வைத்து. பைத்தானிலோ எதையும் மறைக்க முடியவில்லை. நான் பூட்டுவதை இன்னொருவர் சாதாரணமாகத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். மொபைல் பகுதியைக் கோட்லினில் எழுதுகிற மஹிமா, 'அதற்கென்ன, எங்கள் மொழியில் ஒரே ஒரு சொல் போட்டால் போதும்' என்று சிரிக்கிறாள். எப்படிச் செய்யட்டும், சொல்லு.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மாது


ஐந்தோவன்
16 ஜூலை 2023

என் மாதுவுக்கு,

திட்டு கிடைத்தது. மூன்று மாதம் எழுதாதது தப்புதான். இங்கே கோடை என்றால் எல்லோரும் வெயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், கூட உட்காராவிட்டால் என்னமோ ஏதோ என்று பார்க்கிறார்கள். நானும் தோல் கறுக்க உட்கார்ந்துவிட்டு வருகிறேன், ஏற்கெனவே கறுப்பாக இருப்பவளுக்கு இது எதற்கு என்று கேட்க ஒரு தமிழ்க் குரல்கூடப் பக்கத்தில் இல்லை.

அப்பா படியில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். போனில் கேட்டேன். 'மாதங்கிப் பொண்ணு சும்மா எழுதுது' என்றார். நீ ஒரு நாள் டாக்டரிடம் அழைத்துப் போ. நான் சொன்னால் சிரிக்கிறார், நீ சொன்னால் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். அவருக்குப் பிறந்தது நானா நீயா என்று எனக்கே சந்தேகம்.

ஒதுக்குபவர் விஷயம். ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக. பைத்தானில் அந்தச் சண்டையே வேண்டாம். ஒதுக்குபவரைத் தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலுக்குள்ளேயே ஒன்றை உண்டாக்கிவிடு. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அந்த ஃபைல் ஒரு தடவைதான் ஏறும், அதே ஒன்றுதான் எல்லோருக்கும் கிடைக்கும். ஜாவாவில் நான் போட்ட பூட்டையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடு. கவலைப்படாதே.

பூஜைக்குப் பந்தல் படம் அனுப்பு. அப்பா ஸ்டூலில் ஏறாமல் பார்த்துக்கொள்.

உன்
சத்யா


டாலிகஞ்ச்
29 அக்டோபர் 2023

அன்புள்ள சத்யா,

ஷுபோ பிஜயா, விஜயதசமி வாழ்த்து. நேரில் இருந்திருந்தால் வாயில் சந்தேஷ் இனிப்பைத் திணித்திருப்பேன்.

உங்கப்பா வைத்த வெளிச்சம்தான் இந்த வருஷம் நம் தெருவில் பேச்சு. பந்தல் வாசலில் உலைக்களம் மாதிரி ஒரு சிவப்பு, உள்ளே போகப்போக மஞ்சள், அம்மன் முகத்துக்கு வந்தால் வெள்ளை. மொண்டல்தாவே தோற்றுப்போனேன் என்று கட்டிக்கொண்டார். கடைசி நாள் ஊர்வலத்தில் மாமாவும் ஆடினார். ரெண்டு நிமிஷம்தான், அப்புறம் மூச்சு வாங்கி லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதயம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பயப்படும்படி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. புது ஷொஜ்ஜா செப்டம்பரில் ஓட ஆரம்பித்துவிட்டது. நீ சொன்னபடியே வைத்தேன். பத்துப் பதினைந்து வரியில் நீ கட்டியிருந்த கோட்டை, ஒரு வரியாகிவிட்டது. முதல் வாரம் கூட்டம் தாங்காமல் திணறியது. இப்போது சர்வரைப் பார்த்துக்கொள்கிற ராம்கி அதை எட்டாகப் பிரித்து ஓடவிட்டிருக்கிறார், பறக்கிறது. ரிசப்ஷனில் இருப்பவர்கள் விரலை எடுப்பதற்குள் படுக்கை உறுதி என்று பச்சை விழுகிறது என்கிறார்கள். ஸ்ரீநிவாஸ் நம் ஆபீஸ் மட்டுமில்லை, செக்டர் ஃபைவ் முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைப் பாராட்டினார். அடிப்படை போட்டது சத்யப்ரியா என்று நான் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்.

மாமாவின் போனிலும் ஷொஜ்ஜாவைப் போட்டுக் காட்டினேன். கமிட்டி ஆட்களிடம் எல்லாம் எடுத்து எடுத்துக் காட்டுகிறார்.

உன்
மாது


ஐந்தோவன்
12 நவம்பர் 2023

என் மாதுவுக்கு,

இன்று தீபாவளி. காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், ஷவரில் குழாய் அடைத்துக்கொண்டது. வீட்டுக்காரி என்ன ஊற்றினாய் என்று கேட்டாள். பண்டிகை என்று மட்டும் சொன்னேன்.

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். எட்டாக ஓடிப் பறக்கிறது என்று படித்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. கொரோனாவில் நாம் அதை எழுதும்போது, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் படுக்கைக்காக ஆம்புலன்ஸில் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினோம், ஞாபகம் இருக்கிறதா. இனி யாரும் சுற்ற வேண்டாம்.

அப்பாவை இங்கே அழைத்தேன். பிப்ரவரியில் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். 'உன் ஊரில் கேரம் விளையாட ஆள் இருக்கா' என்று கேட்டார். இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்டால் இருக்கிறது என்றே சொல்லு.

மாத்திரை விஷயத்தில் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் மாது. இதற்கெல்லாம் நன்றி என்று எழுதினால் அடிப்பாய்.

உன்
சத்யா


டாலிகஞ்ச்
13 ஜனவரி 2024

அன்புள்ள சத்யா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன் குறுஞ்செய்தி பார்த்தேன். காரியமெல்லாம் முடிகிறவரை நீ ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், 'அன்னைக்கு என்ன நடந்ததுன்னு முழுசா எழுது மாது, என்கிட்ட சொல்லும்போது எல்லாரும் பாதி முழுங்கறாங்க' என்றாய். எதையும் விழுங்காமல் எழுதுகிறேன்.

காலை நேரம். மொண்டல்தா போன் செய்தார். நான் ஓடினேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், டிசம்பர் குளிரில் சட்டை நனைந்திருந்தது. 'ஒண்ணுமில்ல பாப்பா, நெஞ்சுல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கு' என்றார். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிட்டது. மொண்டல்தா, பக்கத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றார். நான் அதற்குள் ஷொஜ்ஜாவைத் திறந்திருந்தேன். பைபாஸ் பக்கத்து நர்சிங் ஹோம் ஒன்றில் ஒரே ஒரு ஐ.சி.யூ. படுக்கை காலியாக இருந்தது. கேட்டேன். பச்சை விழுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் போய் இடம் தேட வேண்டாம், நமக்குப் படுக்கை உறுதியாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

வண்டியில் மாமா தெளிவாகத்தான் இருந்தார். போனில் என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். காட்டினேன். ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு, கூட வந்த ஆம்புலன்ஸ் ஆளிடம் வங்காளத்தில் சொன்னார்: 'இது என் பொண்ணு செஞ்சது. இவளும் அவளும் சேர்ந்து செஞ்சது.' அந்த ஆள் முகமூடியை மறுபடி மாட்டிவிட்டார். மாமா அதற்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

அங்கே போனால் படுக்கையில் ஆள் இருந்தது. எங்களுக்குச் சற்று முன்னால் ஒரு அம்மாளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான் போனை நீட்டினேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அதே படுக்கை எண், வேறு பெயர், அதுவும் பச்சை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்தார், ஊசி போட்டார். உடனே ஐ.சி.யூ. வேண்டும், எங்களிடம் இடமில்லை, நிற்காதீர்கள் என்றார். மறுபடி கேட்டேன், இன்னும் தள்ளி இன்னொரு நர்சிங் ஹோம். அங்கேயும் பச்சை. பைபாஸில் வண்டிகள் நகரவில்லை. மாமா என் கையைப் பிடித்திருந்தார். 'சத்யாகிட்ட இப்போ சொல்லாத, பயந்துரும்' என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. போய்ச் சேர்ந்தபோது கையில் பிடி இல்லை.

இவ்வளவுதான் சத்யா. நான் இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை. அந்த ரிசப்ஷன் பெண் தப்பாக இரண்டு பேரைப் பதிந்துவிட்டாள் என்று ஸ்ரீநிவாஸ் போனில் சொன்னார். இருக்கும். என்னால் யோசிக்க முடியவில்லை. மாமாவின் மாத்திரை அட்டை இன்னும் என் பையிலேயே இருக்கிறது.

மாது


ஐந்தோவன்
15 ஜனவரி 2024

மாது,

எழுதியதற்கு நன்றி. கேட்டது நான்தான்.

ஒரே படுக்கை எண்ணுக்கு இரண்டு பச்சை என்கிறாய். அது எப்படி அந்தப் பெண்ணின் தப்பாகும்? அவள் கேட்கத்தான் முடியும், கொடுப்பது ஒதுக்குபவர். அதை எழுதிய நமக்குத் தெரியாதா? ஸ்ரீநிவாஸ் சொன்னதை நீ எப்படி அப்படியே வாங்கிக்கொண்டாய்?

அக்டோபரில் நீ எழுதியதை இன்றைக்கு மறுபடி படித்தேன். ராம்கி எட்டாகப் பிரித்து ஓடவிட்டிருக்கிறார் என்று ஒரு வரி. அது என்ன எட்டு? தயவுசெய்து ஆபீசுக்குப் போய்ப் பார். அனுமானம் வேண்டாம். பார்த்துவிட்டு எழுது.

இன்று பொங்கல் என்று காலண்டர் சொல்கிறது.

சத்யா


டாலிகஞ்ச்
4 பிப்ரவரி 2024

சத்யா,

போனேன். பார்த்தேன். நீ நினைத்ததுதான்.

நம் ஃபைலுக்குள் ஒதுக்குபவர் ஒன்றுதான். நீ சொன்னதில் பிழை இல்லை, நான் செய்ததிலும் பிழை இல்லை. ஆனால் ராம்கி அந்தப் புரோகிராமையே எட்டுத் தடவை ஓடவிட்டிருந்தார். ஒவ்வொன்றும் தனித் தனி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஒதுக்குபவர், தான் ஒருவரே என்று நினைத்துக்கொண்டு. நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் டேட்டாபேஸைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்வார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்குள் கடைசிப் படுக்கையை இரண்டு பேர் கேட்டால், இரண்டு பேருக்கும் பச்சை. ஜாவாவில் விட்டிருந்தாலும் எட்டாக ஓட்டினால் இதே கதிதான். மஹிமாவின் ஒற்றைச் சொல்லும் இதற்கு உதவியிருக்காது. எந்த மொழியில் எழுதினாலும் அந்தப் பூட்டு ஒரு வீட்டுக்குள்தான். எட்டு வீடு இருக்கிறதா என்று நாம் இருவரும் கேட்கவில்லை.

நம்பாமல் நானே சோதித்தேன். ஒரு பொய்ப் படுக்கையை வைத்து, இரண்டு திரையில் ஒரே சமயத்தில் கேட்டேன். இரண்டிலும் பச்சை. மஹிமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அப்புறம் பழைய புகார்களைத் தேடினேன். இரண்டு பேருக்கு ஒரே படுக்கை என்று நர்சிங் ஹோம்களிலிருந்து செப்டம்பரிலிருந்தே வந்திருக்கிறது. மறுபடி முயலவும் என்று பதில் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த நோயாளிகளுக்கெல்லாம் இன்னொரு படுக்கை சமயத்தில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

ஸ்ரீநிவாஸிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு மிக அன்பாகப் பேசினார். போய்ச் சேர்ந்ததும் படுக்கையை நேரில் உறுதி செய்துகொள்வது நர்சிங் ஹோமின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். நான் எழுதப்போகும் அறிக்கையில் நெட்வொர்க் தாமதம் என்று போட்டால் எல்லோருக்கும் நல்லதாம். அது தாமதம் இல்லை என்றேன். 'மாதங்கி, அந்த ஃபைலில் மேலே யார் பெயர் இருக்கிறது, பார்த்தாயா?' என்று கேட்டார். உன் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. பார்த்தேன் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதி அவருக்கும், நர்சிங் ஹோம் கூட்டமைப்பு போட்டிருக்கிற விசாரணைக் குழுவுக்கும் கொடுத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். செய்திருக்கக் கூடாதோ என்னமோ. அந்தப் படுக்கையில் இருந்த அம்மாளைப் பார்க்கப் போனேன், பெஹாலாவில். ஷியாமளாதி என்று கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். இப்போது நன்றாக நடமாடுகிறார். கூட்டமைப்பிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தார். நீயும் அன்றைக்கு அங்கே யாரையாவது சேர்க்க வந்திருந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குணமாகிவிட்டதா என்றார். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அவர் நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார். என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை சத்யா.

இதில் தப்பு என்னுடையது. எழுதி ஓடவிட்டது நான். ஆம்புலன்ஸை அந்தப் பக்கம் திருப்பியது நான். நீ அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாது


ஐந்தோவன்
25 பிப்ரவரி 2024

மாதங்கி,

பல தடவை எழுதி அழித்தேன்.

தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படிச் சொன்னால், இல்லை என்னுடையது என்று நான் சொல்ல வேண்டும். கேன்டீனில் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை சர்வர் என்றுகூடக் கேட்காமல், கவலைப்படாதே என்று எழுதியவள் நான். எட்டு என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கண் நிறைந்தது என்று உனக்கு எழுதியும் வைத்தேன். உடனே நீ, இல்லை சத்யா, நான்தான் என்பாய். ஆயுசு முழுக்க நாம் இரண்டு பேரும் இப்படியே ஒருவரை ஒருவர் சமாதானம் செய்துகொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. நீ செய்ததற்கு இல்லை, எழுதியதற்கு. அப்பா முகமூடியை விலக்கிவிட்டு என்ன சொன்னார் என்று நான் தெரிந்துகொண்டே இருக்க வேண்டுமா? கேட்டது நான்தான், தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஷியாமளாதியிடம் உன்னால் ஒரு பொய் சொல்ல முடிந்தது. அதில் கொஞ்சம் எனக்கும் கொடுத்திருக்கலாம். காலையில் பல் தேய்க்கும்போது, ரயிலில், மீட்டிங்கில், என் பொண்ணு செஞ்சது, என் பொண்ணு செஞ்சது என்று அவர் குரல் கேட்கிறது. சிரித்துக்கொண்டே சொல்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

உன் கடிதம் வந்தால் அந்தக் குரலும் வருகிறது. அதனால் இனி எழுதாதே. வீட்டுச் சாவியை மொண்டல்தாவிடம் கொடுத்துவிடு. மின்விசிறி ஸ்டூல், கேரம் போர்டு இரண்டையும் பூஜைக் கமிட்டியின் கிளப்புக்குக் கொடுத்துவிடச் சொல்.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

சத்யப்ரியா


டாலிகஞ்ச்
12 ஜனவரி 2025

அன்புள்ள சத்யப்ரியாவுக்கு,

எழுதாதே என்றாய். ஏறக்குறைய ஒரு வருஷம் எழுதவில்லை. இதற்கு நீ பதில் போட வேண்டாம்.

விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது. ரிசப்ஷனில் மனிதத் தவறு என்று தீர்ப்பு. அந்தப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் சாட்சி சொல்லப் போயிருந்தேன். கம்பெனி வக்கீல் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அந்தப் புரோகிராமை எழுதியது நீங்கள்தானே என்று. ஆமாம் என்றேன். அப்படியானால் உங்கள் மனக்கஷ்டம் புரிகிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எட்டு, ஒன்று என்று நான் எவ்வளவோ விளக்கினேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். வெளியே அந்தப் பெண் தன் அண்ணனோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மஹிமா ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னாள், ஷொஜ்ஜாவைச் சரிசெய்துவிட்டார்களாம். படுக்கையைக் கொடுக்கும் முன் டேட்டாபேஸிலேயே பூட்டுகிறார்களாம், இரண்டே வரி. ஏன் மாற்றினார்கள் என்று எங்கேயும் குறிப்பு எழுதவில்லை. இப்போது இன்னும் நிறையப் பிரதிகள் ஓடுகின்றனவாம், ஒரு பிசகும் இல்லையாம்.

நான் வேலைக்குப் போகவில்லை. போன மாதம் ஒரு இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், சால்ட் லேக்கில்தான். சின்ன வயசுக்காரர்கள் இரண்டு பேர், நல்லவர்கள், தண்ணீர் எல்லாம் கொடுத்தார்கள். சுலபமான கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம் என்று, ஒரு பொருளை ஒன்றுக்கு மேல் உண்டாக்காமல் எப்படித் தடுப்பீர்கள், உங்களுக்குப் பிடித்த எந்த மொழியிலும் சொல்லலாம் என்றார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஜாவாவிலா, பைத்தானிலா என்று அவர்கள் கேட்டது கேட்கிறது. கை எழும்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். பதற்றத்தில் மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நீ கொல்கத்தா வந்திருந்தாய். மாமாவின் வருஷ காரியத்துக்கும் வீட்டை விற்கவும் என்று மொண்டல்தா நேற்றுத்தான் சொன்னார். ஹோட்டலில் தங்கியிருந்தாயாம். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை கரியாஹாட்டில் நான் டாலிகஞ்ச் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. நடைபாதைக் கடையில் நீ ஒரு சால்வையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். தலைமுடியை வெட்டியிருக்கிறாய். இளைத்திருக்கிறாய். கடைக்காரர் ஏதோ சொல்ல, நீ நிமிர்ந்தாய். நேரே என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். உன் கையிலிருந்த சால்வை அப்படியே நின்றது. அப்புறம் நீ குனிந்து, அதன் ஓரத் தையலைப் பார்க்க ஆரம்பித்தாய். நான் என் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன், தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இறங்கினார். ஆட்டோக்காரர் என்னையும் திரும்பிப் பார்த்து, 'தீதி, இங்கேயே இறங்கணுமா?' என்று கேட்டார்.

இல்லை, போகலாம் என்றேன்.

மாதங்கி